ஆறாவது வெளிநாட்டுக்காரன்

கால்பந்து கிளப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் ஆரணியில் எல்லோரும் முதலில் என் வயிற்றைப் பார்க்கிறார்கள். பிறகு, "எந்த எடத்துல ஆடினீங்க?" என்று கேட்கிறார்கள். நான் எந்த இடத்திலும் ஆடியதில்லை. உதைத்தால் பந்து ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் போகிற ஆள் நான். சென்னையில் ஒரு தொழில்முறை கிளப்பில் ஆட்டக்காரர்களைப் பதிவு செய்வது என் வேலை. யாருக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட், யாருடைய விசா எப்போது முடிகிறது, யாரை விட்டால் யாருக்கு இடம் கிடைக்கும் என்பதையெல்லாம் பார்க்கிற நாற்காலி அது.

அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நிவேதா போன வாரம் போன் செய்தாள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையை மறுபடியும் குறைக்கப் போவதாகப் பேச்சாம். "சார், நீங்க இருந்தப்பவும் ரூல் மாறிச்சே, அப்ப யாரை வைக்கறது, யாரை விடறதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? எனக்குத் தலையே சுத்துது" என்றாள். போனில் சொல்லி மாளவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கிளப் கதை பாதி வழியிலேயே என் அக்கா வீட்டுக் கதையாகிவிடுகிறது. அதற்கு நான் பொறுப்பில்லை. நடந்தது அப்படித்தான்.

நான் தொழில் கற்ற கதையில் சுவாரசியம் எதுவும் இல்லை. பி.காம். முடித்துவிட்டுச் சென்னையில் விளையாட்டுச் சாமான் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதினேன். அங்கிருந்து உள்ளூர் லீக் அலுவலகத்துக்குப் போய், விண்ணப்பங்களில் முத்திரை குத்திக் குத்தித் தோள்வலி வாங்கியதுதான் மிச்சம். பெரிய லீக் தொடங்கிச் சென்னையில் புது கிளப் வந்தபோது, விதிப்புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஆள் வேண்டுமென்றார்கள். வேறு யாரும் படிக்கத் தயாராக இல்லாததால் எனக்கு வேலை கிடைத்தது.

தொழிலை நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது சுகந்தி மேடத்திடம். கிளப்பில் யாரை வாங்குவது, யாரை விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஆட்டக்காரர்கள் கிளப் மாறுகிற டிரான்ஸ்ஃபர் நேரம் வந்துவிட்டால் கேன்டீனிலிருந்து பதினொரு எவர்சில்வர் டம்ளர் அவர் மேஜைக்கு வந்துவிடும். கோல்கீப்பர், பின்வரிசை, நடுவரிசை, முன்வரிசை என்று அடுக்குவார். வெளிநாட்டு ஆட்டக்காரர் நிற்கும் இடத்தில் டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். கிளப்பில் ஆறு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே நேரத்தில் மைதானத்தில் நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. ஆகவே கவிழ்ந்த டம்ளர் நான்குதான். ஐந்தாவதைக் கவிழ்க்க வேண்டுமென்றால் ஏற்கெனவே கவிழ்ந்த ஒன்றை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்திய இடத்தில் ஆடுவதற்கு நம்மிடம் ஒரு நல்ல இந்தியன் இருக்கிறானா என்பதுதான் முழுப் பேச்சும்.

அந்தப் பேச்சு முடியும்வரை யாரும் யார் பெயரையும் சொல்லக் கூடாது. "நடுவுல பின்னாடி டம்ளர்", "வலது ஓரத்து டம்ளர்" என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் பாசம் வந்துவிடும் என்பார். ஆனால் முடிவெடுத்த பிறகு யாராவது டம்ளர் என்றால் முறைப்பார். அதன்பின் பெயர்தான். "அவனுக்கு வீடு இருக்கு, பிள்ளை எங்கயோ ஸ்கூல்ல படிக்குது. டம்ளருக்கு அதெல்லாம் இல்லை" என்பார்.

முதல் வருடமே ஒரு பாடம் கிடைத்தது. ஐரோப்பாவில் பெரிய ஆட்டங்களில் நின்ற ஒரு கோல்கீப்பரை வாங்க வேண்டும் என்று எங்கள் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. போஸ்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை யோசித்துவிட்டார். மேடம் மறுத்துப் பேசவில்லை. கோல்கீப்பர் டம்ளரைக் கவிழ்த்தார். முன்வரிசையில் கவிழ்ந்திருந்ததை நிமிர்த்தினார். "சரி சார், இனிமே இங்க யாரு கோல் போடுவா?" என்று கேட்டார். முதலாளி அந்த டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நம்ம கீப்பரே நிற்கட்டும் என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டாவது பாடம் மிசோரத்து ஸ்டாப்பர் ஒருவன். வடக்கே ஒரு கிளப்பிலிருந்து அவனை வாங்க எங்கள் ஓரத்து ஆட்டக்காரர்கள் இருவரைக் கொடுத்தோம். ஒருவனுக்கு இரண்டு பேரா என்று எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையின் நடுவில் மலைபோல் நிற்கிற இந்தியன் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால்தான் எல்லாக் கிளப்புகளும் அந்த இடத்துக்கு வெளிநாட்டவரைப் போட்டுக்கொண்டிருந்தன. இவன் வந்ததும் அந்த டம்ளர் நிமிர்ந்தது, முன்னால் ஒன்றைக் கவிழ்க்க இடம் கிடைத்தது. சிரித்தவர்கள் அந்த வருடம் எங்கள் புது பிரேசில்காரன் போட்ட கோல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நிவேதா, இதை நன்றாகக் குறித்துக்கொள். எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள் என்றால் முதலில் வெளிநாட்டவர்களைப் பார்க்காதே. அவர்கள் நிற்கும் இடங்களில் ஆடத் தெரிந்த இந்தியர்களைப் பார். நீ தூங்கி எழுவதற்குள் அவர்களுக்கு விலை ஏறியிருக்கும்.

இனி லோகன் கதை.

அப்போது இன்னொரு விதியும் இருந்தது. அந்த ஆறு வெளிநாட்டவரில் ஒருவராவது ஆசிய நாட்டுக்காரராக இருக்க வேண்டும். எல்லாக் கிளப்பும் ஜப்பான், கொரியா, கால்பந்துக் கணக்கில் ஆசியாவில் சேர்ந்த ஆஸ்திரேலியா என்று அலைந்தபோது மேடம் மலேசியாவிலிருந்து லோகநாதனைக் கூட்டிவந்தார். கிள்ளான் ஊர்த் தமிழன். நடுவரிசையின் பின்னால் நின்று, எதிராளியின் காலிலிருந்து பந்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவான். காலையோ மாலையோ, யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பான். மலேசியக்காரர்களைப் போலப் பேச்சின் முடிவில் "லா" போடுவான். கடையில் காய்கறி வாங்கும்போது அவனை வெளிநாட்டுக்காரன் என்று யாரும் நினைத்ததில்லை. விதிக்குப் பாஸ்போர்ட்தான் தெரியும். தமிழ் பேசினால் என்ன, திருக்குறள் ஒப்பித்தால்தான் என்ன, அவன் எங்கள் ஆறாவது வெளிநாட்டுக்காரன்.

அவன் அம்மாவுக்குப் பட்டுப்புடவை வேண்டுமென்றான். ஆரணிக்காரன் அலுவலகத்தில் இருக்கும்போது அவன் வேறு எங்கே போவான்? என் அக்கா வீட்டுக்கு அழைத்து வந்தேன். அக்காள் கணவர் ஏகாம்பரம் மாமா தறியும் வைத்திருக்கிறார், வியாபாரமும் செய்கிறார். அவர்களுடைய ஒரே மகள் பவித்ரா பூ வேலைப்பாடு நெய்கிற ஜக்கார்டு தறிகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். அம்மாவுக்கு ஒரு புடவை வாங்க வந்தவன் பிறகு சித்திக்கு, அத்தைக்கு, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு என்று வந்துகொண்டே இருந்தான். கிள்ளானில் அத்தனை பெண்கள் இருக்கிறார்களா என்று அக்கா என்னைக் கேட்டாள். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

மாமா கோபக்காரர், ஆனால் யோசிக்கத் தெரிந்த கோபக்காரர். லோகனின் தாத்தாவுக்கு அப்பா போளூர்ப் பக்கத்தில் நிலமில்லாத கூலிக்காரர், ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர். அதை லோகன் பெண் கேட்ட அன்றே மறைக்காமல் சொல்லிவிட்டான். மாமா அதைக் கேட்டுக்கொண்டார், மேலே ஒன்றும் கேட்கவில்லை. கண்ணமங்கலத்திலிருந்து வந்த அவருடைய பெரியப்பா, "பையன் எந்த ஊர் ஆளுங்க?" என்று நூல் விட்டுப் பார்த்தபோது, "கிள்ளான்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்.

"போளூர்னு சொன்னா எந்தத் தெருன்னு கேப்பாங்க பாபு. கிள்ளான்னா இன்னா தெரியும் அவுங்களுக்கு? எனக்கு அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணு கடல் தாண்டிப் போவக்கூடாது. கண்ணுக்கு எட்டற தூரத்துல இருக்கணும். பையன் மெட்ராஸ்ல ஆடறான், சரி, கட்டித் தரேன்."

அவர் கேட்ட வரதட்சணை அது ஒன்றுதான் என்று அக்கா கிண்டல் செய்வாள். லோகனும் ஒப்புக்கொண்டான். கிளப்பில் அவனுக்கு ஒப்பந்தம் இருந்தது, ஆசிய இடத்துக்கு அவனைவிட நல்ல ஆள் எங்களுக்கு வேறு இல்லை. எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

எங்கள் வீடுகளில் கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவையைக் கடையில் எடுப்பதில்லை. பெண்ணின் அப்பா புதுப் பாவு ஏற்றி, அதில் முதல் புடவையாக அதை நெய்வார். பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல். அது தறியில் ஏறிவிட்டால் கல்யாணம் உறுதி. அதன்பிறகு யாரும் பின்வாங்குவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாவு ஏற்றுவதாக மாமா நாள் பார்த்து வைத்திருந்தார்.

அந்த வாரத்தின் நடுவில்தான் லீக்கிலிருந்து அறிவிப்பு வந்தது. ஆசிய நாட்டுக்காரர் ஒருவர் கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டார்கள். ஆறு பேரும் எந்த நாட்டவராகவும் இருக்கலாம்.

மேஜைக்கு டம்ளர்கள் வந்தன. எங்கள் கோச்சுக்கு முன்வரிசையில் இன்னொரு ஆள் வேண்டும், ஆப்பிரிக்காவில் ஒருவனைப் பேசியும் வைத்திருந்தார். "நடுவுல பின்னாடி டம்ளரை நிமிர்த்திடலாம். அங்க நம்ம மணிப்பூர்ப் பையன் தயாரா இருக்கான்" என்றார். ஆட்டக் கணக்கில் அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு அந்த டம்ளரில் அக்கா மகளின் முகம்தான் தெரிந்தது.

"மேடம், இதுல எனக்குச் சொந்த விஷயம் ஒண்ணு இருக்கு" என்றேன். என்னவென்று கேட்டார். என் அக்கா பெண்ணைப் பேசியிருப்பதைச் சொன்னேன், வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொன்னேன்.

"அப்ப நீங்க இந்தப் பேச்சுல இருக்க வேணாம் பாபு. கேன்டீனுக்குப் போய் டீ குடிச்சிட்டு வாங்க. உங்க முன்னாடி அவரும் மனசு விட்டுப் பேச முடியாது, நானும் பேச முடியாது."

டீ ஆறி ஏடு கட்டியது. அதைக் குடிக்காமலேயே திரும்பி வந்தேன். மேடம் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். "லோகன்கிட்ட நானே பேசறேன்" என்றார். பெயரைச் சொல்லிவிட்டார். முடிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

வழக்கமாக, புதியவன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழையவனுக்குச் சொல்வோம். முன்னாலேயே சொன்னால் விஷயம் வெளியே கசியும். இவர்கள் ஆளை விட்டுத்தான் ஆகவேண்டும் என்று தெரிந்தால், அவனை வாங்க வருகிறவர்கள் விலையைக் குறைப்பார்கள், விற்க வருகிறவர்கள் ஏற்றுவார்கள். கோச் அதைத்தான் சொல்லித் தடுத்தார். மேடம் கேட்கவில்லை.

"அந்த வீட்டுல வெள்ளிக்கிழமை ஒரு காரியம் நடக்கப் போகுது. அவனுக்குத் தெரியாம அது நடக்கக் கூடாது. இன்னிக்கே சொல்றேன். முதலாளிகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்."

அப்படியே செய்தார். பயிற்சி முடிந்ததும் மைதானத்துப் படிக்கட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அவனுடைய ஏஜென்ட்டுக்குக்கூட அதன்பிறகுதான் தெரியும். பிறகு விஷயம் கசியத்தான் செய்தது, முதலாளி கத்தத்தான் செய்தார். அந்தக் கத்தலை மேடம் ஒற்றை ஆளாக நின்று வாங்கிக்கொண்டார். என் வேலைக்காலத்தில் நான் மனதாரக் கும்பிட்ட அதிகாரி அவர் ஒருவர்தான்.

லோகன் படிக்கட்டிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. "அங்கிள், பசியாறிட்டீங்களா?" என்றான். நான் அவனைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனேன்.

இந்தியாவில் வேறு எந்தக் கிளப்பும் வெளிநாட்டு இடத்தை அவனுக்குத் தரத் தயாராக இல்லை. கட்டாயம் போன பிறகு எல்லோரும் கோல் போடுகிறவர்களைத்தான் தேடினார்கள். மலேசியாவிலோ அவனுக்கு இரண்டு கிளப்புகள் காத்திருந்தன. அங்கே அவன் உள்ளூர்க்காரன், வெளிநாட்டு எண்ணிக்கையில் வரமாட்டான். ஆட்டம் அதேதான், கால்களும் அதேதான். விமானத்தில் போய் இறங்கினால் விலை மாறிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் ஆரணிக்குப் போனோம். தறிக்குப் பக்கத்தில் பாவு சுற்றித் தயாராக இருந்தது. மஞ்சள், குங்குமம், வெற்றிலை எல்லாம் தட்டில் வைத்திருந்தார்கள். லோகன் செருப்பைக் கழற்றியதும் நின்றபடியே சொல்லிவிட்டான்.

"அங்கிள், கிளப்புல என்னை விட்டுட்டாங்க. இங்க வேற எடம் கெடைக்கல. மலேசியாவுக்குத்தான் போகணும். பாவு ஏத்துறதுக்கு முன்ன நீங்க தெரிஞ்சிக்கணும், அதான் வந்தேன்."

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். மாமா என்னைப் பார்த்தார்.

"நெசமா பாபு?"

"ஆமா மாமா."

லோகன் அவசரமாகப் பேசினான். "நான் இன்னொண்ணு யோசிச்சேன். மலேசியா பாஸ்போர்ட்ட விட்டுடறேன். இந்தியன் ஆயிட்டா நான் வெளிநாட்டு ஆளு கணக்குல வரமாட்டேன் லா. இங்கயே ஆடலாம். நீங்க கேட்ட மாதிரி பவியும் இங்கயே இருக்கலாம்."

மாமா தறிமேடையில் உட்கார்ந்தார். "நீ சொல்லு பாபு. உன் வேலையே இதான. பாஸ்போர்ட்ட வுட்டா இன்னா ஆவும்?"

என் தொழிலில் எனக்குத் தெரிந்ததை அப்படியே சொன்னேன். அரசாங்கம் குடியுரிமை தரும்வரை காத்திருக்க வேண்டும், எவ்வளவு காலம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதுவரை இங்கே அவன் வெளிநாட்டுக்காரன்தான். ஆட்டக்காரனுக்கு வயது நிற்காது. விட்ட பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்டால் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. பிறகு அவன் அம்மாவைப் பார்க்கவே விசா எடுத்துத்தான் போக வேண்டும்.

"உங்கம்மாவுக்கு எத்தினி பசங்க?" என்று மாமா லோகனைக் கேட்டார்.

"நான் ஒருத்தன்தான்."

"அந்தம்மாகிட்ட சொன்னியா, பாஸ்போர்ட்ட வுடப்போறேன்னு?"

"இல்ல."

அதுவரை கதவருகில் நின்றிருந்த பவித்ரா உள்ளே வந்தாள். "ரெண்டு பேரும் அவரு பாஸ்போர்ட்டப் பத்தியே பேசிகினு இருக்கீங்களே. என்னுது ஒண்ணு கீதான்னு யாருனா கேட்டீங்களா? நான் எடுத்து வெச்சுகினு ரொம்ப நாளாச்சு. டிசைன நெட்ல அனுப்பறதுக்கு நான் ஆரணியிலதான் ஒக்காரணும்னு இல்லப்பா."

"எப்ப எடுத்த? போலீஸ்காரங்க வூட்டுக்கு வந்து விசாரிப்பாங்களே?"

"வந்தாங்க. அம்மாதான் டீ போட்டுக் குடுத்தாங்க."

மாமா மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார். "யாரோ செல்போனத் தொலைச்சிட்டாங்கன்னு போலீஸ்காரரு வந்தாருன்னு சொன்னியே."

"அவரு செல்போனோடதான் வந்தாரு" என்றாள் அக்கா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "பொண்ணு ஆசப்பட்டா நான் இன்னா பண்றது?"

வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மாமா சிரிக்கவில்லை. சுற்றி வைத்த பாவின்மேல் கையை வைத்தார். அந்தப் பாவைப் பரணில் எடுத்து வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். லோகன் தலை நிமிரவில்லை.

"எனக்கும் இது ஒண்ணுதான்" என்றார் மாமா, யாரிடமோ சொல்வதுபோல. "அந்தம்மாவுக்கும் நீ ஒண்ணுதான். எம் பொண்ணு கண்ணு முன்னாடி இருக்கணும்னு நான் கேக்கறேன். அதுக்காவ அவுங்க புள்ளைய இங்க இழுத்து வெச்சுகினா, அந்தம்மா யாரப் பாத்துகினு இருப்பாங்க? அது நாயம் இல்ல." கண்களைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "பாஸ்போர்ட்ட வுடாத தம்பி. உன் ஊர்ல போய் ஆடு. இவளையும் கூட்டிகினு போ." பிறகு அக்காவைப் பார்த்து உரக்கச் சொன்னார். "இன்னா பாத்துகினு நிக்கற? நேரம் போவுது, ஜல்தி அந்தத் தட்ட எடு."

எல்லோருமாகப் பாவைத் தூக்கி ஏற்றினோம். மாமா அந்தப் புடவையை வேறு யார் கையிலும் விடவில்லை. கல்யாணம் முடிந்து அவர்கள் விமானம் ஏறிய நாளில் மாமா விமான நிலையத்துக்கு வரவில்லை. தறியில் வேலை இருக்கிறது என்றார்.

நிவேதா, நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். டம்ளர்களை அடுக்கு, கணக்கைச் சரியாகப் போடு. போட்ட பிறகு அந்த ஆளுக்கு முதலில் சொல். அவன் பின்னால் எத்தனை வீடுகள் காத்திருக்கின்றன என்று உனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெற்று ஆரணிக்கே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மாமா வீட்டில்தான் இருப்பேன். பவித்ரா ஏதோ செய்து கொடுத்திருக்கிறாள், மலேசிய லீக் ஆட்டம் அவர் போனில் தெரிகிறது. கால்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்த மனிதர் இப்போது என்னைவிட அதிகமாகத் திட்டுகிறார். போன ஞாயிறு லோகனை உட்கார வைத்துவிட்டு, அவன் இடத்தில் புதிதாக வந்த ஸ்பெயின்காரன் ஒருவனை இறக்கிவிட்டார்கள். மாமாவுக்கு வந்ததே கோபம்.

"இத்தினி வெளிநாட்டானுங்கள எதுக்கு உள்ள வுடறாங்க பாபு? இதக் கேக்கறதுக்கு அங்க ஆளு இல்லியா? ஒரே பேஜாரா போச்சு. நம்ம ஊர்ப் பையன் ஓரமா ஒக்காந்துகினு கீறான் பாரு."